ஓர்க்கெஸ்டா அராகொன்

ஓர்க்கெஸ்டா அராகொன் என்பது கியூபா நாட்டைச் சேர்ந்த ஒரு நடன இசைக்குழு ஆகும். இக்குழு 1939 ஆம் ஆண்டு அந்நாட்டின் தென்கரை நகரான சியென்ஃபுவேகோசில் ஒரெஸ்டெஸ் அராகொன் என்பவரால் தொடங்கப்பட்டது. சாச்சாச்சா இசையைக் கியூபாவுக்கு வெளியே பரப்பியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

வரலாறு

நிறுவனர் அராகொன் டபுள் பேஸ் இசைக்கலைஞர். வருவாயை உறுப்பினர்கள் அனைவரும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுறவு முறையை அவர் பின்பற்றினார். உடல்நலக் குறைவால் 1948 இல் அவர் விலகவே, வயலின் கலைஞர் ரஃபயேல் லாய் தலைமை ஏற்றார். 1950களின் நடுவில் புல்லாங்குழல் கலைஞர் ரிச்சர்ட் எகுவெஸ் இணைந்த பின்னரே குழுவின் தனி ஒலி உருப்பெற்றது எனலாம்.

1982 இல் லாய் சாலை விபத்தில் இறந்தார். குழு கலைந்துவிடவில்லை, அவருடைய மகன் ரஃபயேல் லாய் பிராவோ பொறுப்பேற்று நடத்தினார்.

இசை அமைப்பு

இது சரங்கா வகைக் குழு. இவ்வகையில் எக்காளங்களுக்கு இடமில்லை. மரப் புல்லாங்குழல், வயலின்கள், பியானோ, டபுள் பேஸ், திம்பாலேஸ் முரசுகள், சுரைக்காய்க் கூட்டில் செய்யப்படும் குயிரோ ஆகியவையே அடிப்படைக் கருவிகள். பாடகர்கள் பெரும்பாலும் ஒரே சுருதியில் சேர்ந்து பாடுவர்.

சாச்சாச்சாவை உருவாக்கியவர்கள் இவர்கள் அல்லர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சிக்கலான தாளத்திற்கு ஆடத் தடுமாறியவர்களுக்காக, ஓர்க்கெஸ்டா அமெரிக்கா குழுவின் என்ரிக்கே ஹொரின் எளிய மெட்டுகளை அமைத்ததில் அது பிறந்தது. அராகொன் குழுவினர் அதற்கு நயம் கூட்டினர். மளிகைக் கடைக்காரரைப் பற்றிய "எல் போதெகெரோ" எகுவெஸ் இயற்றிய பாடலாகும். இதனை அமெரிக்கப் பாடகர் நாட் கிங் கோல் 1958 இல் வெளியான தம் எசுப்பானிய இசைத்தட்டில் பாடினார். அவருக்கு எசுப்பானியம் தெரியாது. ஒலிப்பை மட்டும் கற்றுப் பாடினார்!

தாக்கம்

நியூயார்க்கில் சார்லி பால்மியேரி 1959 இல் தொடங்கிய சரங்கா குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர் ஜானி பச்சேகோ. இவர் பின்னர் தனிக்குழு அமைத்ததுடன், 1964 இல் ஃபானியா இசைத்தட்டு நிறுவனத்தையும் இணைந்து தொடங்கினார். சல்சா இசையை உலகறியச் செய்த நிறுவனம் இதுவே. கியூபா மீதான அமெரிக்கத் தடையால் ஹவானா கலைஞர்கள் அந்நகருக்கு வந்துபோவது நின்ற காலத்திலும், சரங்காவின் ஒலி அங்கு இவ்வாறு தொடர்ந்தது.

கியூபாவில் 1969 இல் ஹுவான் ஃபொர்மெல் தொடங்கிய லோஸ் வான் வான் குழு, மின்கிதாரைச் சேர்த்தபோதும் புல்லாங்குழலையும் வயலின்களையும் கைவிடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் இவ்விசைக்கு இரசிகர்கள் பெருகினர். 1964 இல் இசை கற்க ஹவானா சென்ற மாலி நாட்டு மாணவர்கள் அங்கேயே ஒரு சரங்கா குழுவை அமைத்தமை குறிப்பிடத்தக்கது.