கேட்கக் கற்ற வானொலி: பொலிவியச் சுரங்கத் தொழிலாளரும் திருச்சபையும்

வானொலி திருச்சபைக்குப் புதிய கருவியன்று. 1931 பிப்ரவரியில் வத்திக்கான் வானொலி தொடங்கப்பெற்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று சீர்திருத்தச் சபை மிஷனெரிகள் ஈக்வடார் நாட்டின் கீத்தோ நகரில் தங்கள் நிலையத்தைத் தொடங்கினர். இவ்விரு முயற்சிகளுக்கும் அடிப்படையாய் அமைந்த எண்ணம் ஒன்றே: அறிவிக்க வேண்டிய செய்தி நம்மிடம் உள்ளது, மக்கள் அதனைக் கேட்க வேண்டும். இவ்வெண்ணம் தவறென்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒலிவாங்கி என்றும் ஒருவர் கையிலும், வானொலிப் பெட்டி என்றும் மற்றவர் கையிலும் இருக்குமாயின் அங்கே உறவு வளருமா என்னும் வினா எழுகின்றது. பொலிவியா நாட்டில் ஒரு கத்தோலிக்க வானொலி நிலையம் இவ்வினாவுக்கு விலை கொடுத்து விடை கண்டது. அவ்வரலாறு நம் சிந்தனைக்குரியது.

சுரங்கமும் அதன் குரலும்

பொலிவியாவின் வட பொத்தோசிப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், யாயாகுவா என்னும் ஊரையடுத்து ‘சிக்லோ வெயின்ட்டே’ வெள்ளீயச் சுரங்கம் உள்ளது. ‘இருபதாம் நூற்றாண்டு’ என்பது அப்பெயரின் பொருள். நாட்டின் செல்வம் பெரும்பாலும் வெள்ளீயத்திலிருந்தே வந்த காலம் அது. அதை வெட்டி எடுத்தவர்களோ கெச்சுவா, ஐமாரா மொழிகள் பேசும் ஆதிக்குடி மக்களின் வழிவந்தோர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து பலர் நடுவயதை எட்டுமுன்னரே மாண்டனர். குடியிருந்த வீடும், அரிசியும் இறைச்சியும் வாங்கும் கடையும் நிர்வாகத்துக்கே உரியவை. ஆகையால் வேலை போனால் கூரையும் போயிற்று. 1942 டிசம்பர் 21-ஆம் நாள், கத்தாவி என்னுமிடத்தில் ஊதிய உயர்வு கோரித் திரண்ட தொழிலாளர் குடும்பங்கள் மீது இராணுவம் சுட்டது. 1944-இல் சுரங்கத் தொழிலாளர் கூட்டமைப்பு உருவாயிற்று. 1952 ஏப்ரலில் நிகழ்ந்த புரட்சியைத் தொடர்ந்து, அவ்வாண்டு அக்டோபரில் பெருஞ்சுரங்கங்கள் நாட்டுடைமையாயின.

இச்சூழலில், 1940-களின் இறுதியிலிருந்து தொழிற்சங்கங்கள் தங்களுக்கென வானொலி நிலையங்களை அமைக்கத் தொடங்கின. புரட்சிக்குப் பின் இவை பெருகி இருபதுக்கும் மேற்பட்டவையாயின. தொழிலாளர் தங்கள் ஊதியத்தில் ஒரு பகுதியை ஈந்து இவற்றைத் தாங்கினர். சிக்லோ வெயின்ட்டேயில் இயங்கிய நிலையத்தின் பெயர் ‘சுரங்கத் தொழிலாளியின் குரல்’. கத்தாவியில் இருந்த நிலையமோ, அங்கு நிகழ்ந்த படுகொலையின் நாளாகிய ‘டிசம்பர் 21’ என்பதையே தன் பெயராகக் கொண்டது.

இந்நிலையங்களில் ஒலிபரப்பானவை யாவை? சங்கக் கூட்டங்கள், கால்பந்தாட்டங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், தொலைவிலுள்ள உறவினருக்கான செய்திகள், கடையில் பண்டம் கிடைக்கவில்லை என்னும் பெண்களின் முறையீடுகள் முதலியன. பணி முடிந்து வரும் தொழிலாளி நிலையத்தின் கதவைத் திறந்து உள்ளே சென்று பேசலாம். தன் தாய்மொழியில் பேசலாம். தலைநகரின் வானொலியில் இடம்பெறாத அன்றாட வாழ்வு இங்கே பொதுச் செய்தியாயிற்று.

திருச்சபையின் வருகை

1959 மே முதல் நாள், அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த குருக்கள் சிக்லோ வெயின்ட்டேயில் ‘பன்னிரண்டாம் பயஸ்’ வானொலியைத் தொடங்கினர். கனடாவிலிருந்து அங்கு வந்த இவர்களின் சபை, 1847 முதல் இலங்கையிலும் பணிபுரிந்து தமிழருக்கு அறிமுகமானதேயாகும். நிலையத்தின் நோக்கங்களில் முதன்மையானவை இரண்டு: பொதுவுடைமைக் கொள்கையை எதிர்த்தல், குடிப்பழக்கத்தை ஒழித்தல். சங்கத்தின் கருவிகளைவிட ஆற்றல் மிக்க கருவிகள் இவர்களிடம் இருந்தன. எழுத்தறிவும் புகட்டினர். ஆயினும் ஒரே ஊரின் இரு நிலையங்கள் ஒன்றையொன்று தாக்கிப் பேசின; தொழிலாளர் குருக்களைப் பகைவராகவே கண்டனர்.

குருக்களின் மனமாற்றம் ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. நோயுற்றோரைச் சந்திக்கவும் இறந்தோரை அடக்கம் செய்யவும் அவர்கள் அதே குடிசைகளுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 1964-இல் ஆட்சியைக் கைப்பற்றிய தளபதி பாரியெந்தோஸ், 1965 மே மாதத்தில் சுரங்கத் தொழிலாளரின் ஊதியத்தைப் பெருமளவு குறைத்தார். சுரங்கங்களுக்குள் இராணுவத்தைப் புகுத்தினார். கூட்டமைப்பின் தலைவர் ஹுவான் லெச்சின் நாடு கடத்தப்பட்டார். எதிர்க்க வேண்டிய பகைவனென்று தாங்கள் எண்ணியிருந்தவன் பசித்த அயலான் என்பதைக் குருக்கள் கண்டனர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அவர்களது சிந்தனைக்குத் துணை நின்றிருக்க வேண்டும். எனினும் முதலில் அவர்களுக்குக் கற்பித்தது அம்மக்களின் வாழ்வே என்பது நம் துணிபு. கிரெகோரியோ இரியார்த்தே அடிகளாரின் பொறுப்பில் நிலையம் தொழிலாளரின் பக்கம் திரும்பியது.

சோதனைக் காலம்

1967 ஜூன் 24, புனித யோவான் திருநாள். இரவு முழுதும் தெருக்களில் தீமூட்டி மக்கள் கொண்டாடி ஓய்ந்த விடியற்காலையில் படையினர் குடியிருப்புகளுக்குள் புகுந்து சுட்டனர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சங்கத் தலைவர்களுள் ஒருவரான ரொசெந்தோ கார்சியா மைஸ்மன், சங்கக் கட்டடத்தையும் வானொலியையும் காக்க முயன்று உயிர் துறந்தார்.

1975 ஜனவரியில், தளபதி பான்செரின் ஆட்சியில், இராணுவம் அப்பகுதியின் வானொலி நிலையங்களைத் தாக்கிக் கருவிகளை அழித்தது. சங்க நிலையங்களோடு பன்னிரண்டாம் பயஸ் நிலையமும் அதற்குத் தப்பவில்லை. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஒரு காலத்தில் தங்களைப் பழித்த நிலையம், இப்போது தங்களோடு சேர்ந்து அடிபட்டதை அவர்கள் கண்டனர். திருச்சபையின் ஒரு பணி மக்களுடையதாகிவிட்டதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1980 ஜூலை 17-ஆம் நாள் தளபதி கார்சியா மெசா ஆட்சியைக் கைப்பற்றியபோது, தலைநகரின் நிலையங்கள் இராணுவத்தின் வசமாயின. சுரங்க வானொலிகள் சங்கிலித் தொடராக இணைந்து, நடந்தவற்றை நாட்டுக்கு அறிவித்தன. படை அணுகுவதைக் கூறிக்கொண்டே ஒன்றன்பின் ஒன்றாக மௌனமாயின. 1982 அக்டோபரில் மக்களாட்சி மீண்டது.

துப்பாக்கி முடிக்காததைச் சந்தை முடித்தது. 1985 ஆகஸ்டில் வெளியான 21060-ஆம் எண் அரசாணையாலும், அவ்வாண்டு அக்டோபரில் வெள்ளீய விலை வீழ்ந்ததாலும் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையிழந்தனர். ஊதியம் இல்லாதபோது ஊதியப் பங்கு ஏது? சங்க நிலையங்கள் பெரும்பாலும் மூடப்பட்டன. திருச்சபையின் நிலையமோ தொடர்ந்து இயங்கியது. இது நமக்குப் பெருமை தருவதன்று, பொறுப்பைச் சுட்டுவது. ஏழைகளின் உடைமை அழியும் காலத்தில் திருச்சபையின் உடைமை எஞ்சி நிற்குமாயின், அது யாருக்காக எஞ்சியுள்ளது என்னும் கணக்கை நாம் ஒப்புவிக்க வேண்டும்.

நமக்குரிய பாடம்

‘குரலற்றோரின் குரல்’ என்னும் தொடர் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகின்றது. சிக்லோ வெயின்ட்டேயின் மக்கள் குருக்கள் வருமுன்னரே தங்கள் பணத்தில், தங்கள் மொழியில் பேசிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு இல்லாதிருந்தது செவிசாய்ப்போரே. யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் மோசே அனுப்பப்படுவதற்கு முன்னரே கடவுள் அடிமைகளின் கூக்குரலைக் கேட்டுவிட்டார். கேட்டல் அனுப்புதலுக்கு முந்தியது. ரோமர் பத்தாம் அதிகாரத்தில் பவுல் கேட்டலைப் பற்றி எழுதுவதை நாம் பிறர் கேட்க வேண்டியதாகவே விளக்கி வந்துள்ளோம். திருச்சபைக்கும் செவி உண்டு என்பதை அக்குருக்கள் அறிந்துகொண்டனர்.

நம் நாட்டில் வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சமுதாய வானொலி 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. 2008 அக்டோபரில், அன்றைய ஆந்திரத்தின் மேதக் மாவட்டத்தில், மச்னூர் கிராமத்தின் தலித் பெண்கள் ‘சங்கம் வானொலி’யைத் தொடங்கினர். விதையும் மண்ணும் சமையலும் அங்கே பொதுப் பேச்சாயின. எனினும் இந்நிலையங்கள் தாமே செய்தி திரட்டி ஒலிபரப்ப நமது விதிமுறைகள் இடந்தரவில்லை. தன் ஊரில் நடந்ததைச் செய்தியாகச் சொல்லும் உரிமை இன்றும் முழுமையாகக் கிட்டவில்லை என்பதை ஆயர்களும் இறையியல் மாணவர்களும் கருத்திற்கொள்ள வேண்டும்.

விதிமுறை எதுவும் தடுக்காத இடம் ஒன்று உண்டு. அது நம் சபையே. நம் இதழ்களிலும், பதிவு செய்து பரப்பும் ஆராதனைகளிலும் போதகர் பேசும் நேரம் எவ்வளவு, வயல்வேலை செய்யும் பெண்ணும் துப்புரவுப் பணியாளரும் பேசும் நேரம் எவ்வளவு என்று ஒவ்வொரு சபையும் ஒரு மாதக் கணக்கை எழுதிப் பார்க்கட்டும். அக்கணக்கைச் சபை மன்றத்தில் வாசித்து, அடுத்த மாதம் யாரைப் பேச அழைப்பது என்று தீர்மானிக்கட்டும்.