கழுகுக்கு வளையம் போட்ட பாங்கிக்காரர்

பறவையின் காலில் வளையம் மாட்டி ஆகாயத்தில் விட்டுவிடுவது பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப் போலத்தான் தோன்றும். 1899-ல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர் ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் விலாசமும் பொறித்த உலோக வளையம் மாட்டிப் பறக்கவிட்டாரே, அன்று முதல் அது ஒரு சாஸ்திரமாகிவிட்டது. எங்கோ ஒரு பறவை செத்து விழுந்தால், கண்டெடுத்தவர் வளையத்தின் எண்ணை எழுதிப் போடுவார். அது எங்கே பிறந்தது, எத்தனை தூரம் வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். சம்பளமில்லாமல் இந்த வேலையில் இறங்கிய தொண்டர்கள் எத்தனையோ பேர். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் சார்லஸ் ப்ரோலி.

கனடாவில் வின்னிபெக் நகரத்துப் பாங்கி மானேஜர் அவர். அறுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெற்று, குளிர்காலத்துக்கு ப்ளோரிடா போவதாக இருந்தார். ஆடுபன் சங்கத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பௌ என்பவர், "போகிற இடத்தில் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையம் போட முடியுமா, பாருங்கள்" என்ற தோரணையில் சில வளையங்களைக் கொடுத்தனுப்பினார். பென்ஷன்காரரிடம் கேட்கிற காரியமா இது? வெண்தலைக் கழுகு நெட்டைப் பைன் மரத்தின் உச்சியில் கூடு கட்டும். வருஷா வருஷம் அதே கூட்டில் சுள்ளி சேர்த்துக்கொண்டே போகும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே அளந்த ஒரு கூடு 9½ அடி அகலம், 20 அடி ஆழம்! ப்ரோலி ஈயக் குண்டு கட்டிய நூலைக் கிளைமேல் வீசி, அதைக் கொண்டு கயிற்றேணியை மேலே இழுத்து, தாமே ஏறினார். 1939-ல் தொடங்கி இருபது வருஷம் ஏறினார்.

ப்ளோரிடாவில் பிறந்த கழுகு அங்கேயேதான் இருக்கும் என்று அதுவரை நம்பிவந்தார்கள். அவர் போட்ட வளையங்களோ கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு வரையில் போய் அகப்பட்டன.

ஆனால் அந்தப் பாங்கிக்காரரின் பெரிய சேவை அவருடைய கணக்குத்தான். தாம்பாவிலிருந்து போர்ட் மையர்ஸ் வரையில் உள்ள கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 125 கூடுகளில் கழுகுகள் குடியிருந்தன. 150 குஞ்சுகளுக்கு வளையம் போடுவார். 1947-லிருந்து வரவு குறைந்தது. 1957-ல் 43 கூடுகளில் கழுகுகள் இருந்தும், ஏழில்தான் குஞ்சு, மொத்தம் எட்டு. இருபத்துமூன்றில் முட்டை இருந்தது, பொரிக்கவில்லை. அடுத்த வருஷம் நூறு மைல் அலைந்து அவர் வளையம் போட்டது ஒரே ஒரு குஞ்சுக்கு.

மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்த டி.டி.டி.தான் காரணம் என்று அவர் 1958-ல் எழுதினார். பறவைகள் மலடாகிவிட்டன என்பது அவர் எண்ணம். உண்மையில் முட்டையின் ஓடு மெலிந்திருந்தது. பழைய முட்டைகளோடு ஒப்பிட்டு பிரிட்டனில் ராட்க்ளிப் 1967-ல் வெளியிட்ட பிறகுதான் அது விளங்கிற்று. அதைக் கேட்க ப்ரோலி இல்லை. 1959-ல் ஒன்டாரியோவில் தம் வீட்டருகே பிடித்த தீயை அணைக்கப் போன இடத்தில் காலமானார். எண்பதை எட்டும் வயதில் தீயோடு மல்லுக்கு நின்றாரே என்று எனக்கு வியப்பில்லை. மரம் ஏறிய மனிதர் அல்லவா?

1962-ல் ரேச்சல் கார்சன் தம் 'மௌன வசந்தம்' நூலில் ப்ரோலியின் கணக்கை எடுத்து வைத்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. 2007-ல் அருகிவரும் உயிரினங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகின் பெயரை எடுத்தார்கள். ப்ளோரிடாவில் மட்டும் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட ஜோடிகள் கூடு கட்டுகின்றன.