ஒரே சதவீதம், வெவ்வேறு தீர்ப்பு: மூளைத் தமனி ரத்தக்கட்டி அகற்றலும் அதன் சிக்கல்களும், 1995–2025

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியை அடைத்துக்கொண்ட ரத்தக்கட்டியை, தொடைத் தமனி வழியாகக் கதீட்டர் செலுத்தி வெளியே எடுக்கும் சிகிச்சைக்கு மெக்கானிக்கல் திராம்பெக்டமி என்று பெயர். அடைப்பு திறந்தது எத்தனை பேருக்கு, எழுந்து நடந்தவர்கள் எத்தனை பேர் என்று வெற்றிக் கணக்கை வைத்தே இதன் வரலாற்றை எழுதுவது வழக்கம். இக்கட்டுரை அதே வரலாற்றைச் சிக்கல்களின் பக்கமிருந்து படிக்கிறது. மூளையில் ரத்தக்கசிவு இத்தனை சதவீதம் என்ற எண் தனியாக நின்றால் அதற்குப் பொருள் இல்லை. சிகிச்சை பெறாத, அதே நிலையில் இருந்த நோயாளிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் அந்த எண் பேசத் தொடங்குகிறது. இதைக் கற்றுக்கொள்ள இத்துறைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ரத்தக்கசிவு அச்சம் கருவியோடு வந்ததல்ல, மருந்தோடு வந்தது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் தாக்கிய மூன்று மணி நேரத்துக்குள் 624 பேர் சேர்க்கப்பட்டனர். கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி போடப்பட்டவர்களில் 6.4 சதவீதத்தினருக்கு அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக்கசிவு ஏற்பட்டது. போலிமருந்து பெற்றவர்களிடம் அது 0.6 சதவீதம். இடைவெளி பத்து மடங்கு. இருந்தும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஊசி பெற்றவர்களே நல்ல நிலையில் இருந்தனர். மறுவருடமே மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் பெரிய தமனியின் தடித்த கட்டி இந்த ஊசிக்கு எளிதில் மசியவில்லை. கதீட்டர் மூலம் மருந்தைக் கட்டியின் வாயிலேயே செலுத்திப் பார்த்த இரண்டாம் புரோஆக்ட் ஆய்வு 1999இல் வெளிவந்தது. நடு மூளைத் தமனி அடைப்போடு வந்த 180 பேரில், மருந்து பெற்றவர்களில் 66 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 18 சதவீதத்தினருக்கும் தமனி திறந்தது. அறிகுறியோடு கூடிய கசிவு 10 சதவீதம், எதிரணியில் 2. இந்த முறைக்கு அமெரிக்க அனுமதி கிடைக்கவில்லை. மருந்தே வேண்டாம், கட்டியைப் பிடித்து இழுத்துவிட்டால் கசிவும் குறையுமே என்ற எண்ணத்துக்கு அன்று வலு இருந்தது.

அந்த எண்ணத்தின் முதல் வடிவம் மெர்சி. நிட்டினால் கம்பியைத் தக்கைத் திருகிபோல் சுருட்டிச் செய்த கருவி; கட்டியின் பின்புறம் போய் விரிந்து, அதைக் கோத்துக்கொண்டு திரும்பும். 2004இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. மறுவருடம் வெளியான முடிவின்படி, கருவி பயன்படுத்தப்பட்ட 141 பேரில் 48 சதவீதத்தினருக்குத் தமனி திறந்தது; 10 பேருக்குச் சிகிச்சை முறையாலேயே குறிப்பிடத்தக்க சிக்கல்; 11 பேருக்கு, அதாவது 7.8 சதவீதத்தினருக்கு, அறிகுறியோடு கூடிய மூளை ரத்தக்கசிவு.

இந்த 7.8 அதிகமா குறைவா? சொல்ல வழியில்லை. மெர்சி ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவே கிடையாது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது புரோஆக்டில் மருந்து பெறாதவர்களின் 18 சதவீதத் திறப்பைத்தான். கட்டி வெளியே வந்தது என்பதற்குச் சான்று இருந்தது. நோயாளி பிழைத்துத் தேறியது கட்டி வந்ததால்தான் என்பதற்கு இல்லை. கைரா பெக்கரும் தாமஸ் பிராட்டும் இந்த அனுமதியைக் கடுமையாக விமர்சித்து எழுதியது 2005இலேயே. அன்று அவர்களை முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்பவர்களாகப் பார்த்தவர்கள் உண்டு. இன்று திரும்பிப் பார்க்கையில் நியாயம் அவர்கள் பக்கமே இருந்ததாகத் தோன்றுகிறது. 2009இல் வந்த பெனும்ப்ரா உறிஞ்சு கதீட்டர் ஆய்வும் இதே பாதையில்தான் போனது: 125 பேர், ஒரே குழு, 81.6 சதவீதத் திறப்பு, 11.2 சதவீத அறிகுறிக் கசிவு. இவ்வளவு திறந்தும் சுயமாக இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் கால்வாசிப் பேரே.

கம்பி எப்படித் தமனியைக் காயப்படுத்துகிறது என்பதைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். அடைப்புக்கு அப்பால் எக்ஸ்ரே சாயம் போகாது. ஆகவே கட்டியைத் தாண்டும் மைக்ரோகம்பி, திரையில் தெரியாத தமனிக்குள், மருத்துவரின் உடற்கூறு அறிவையும் விரல் உணர்வையும் மட்டும் நம்பிப் போகிறது. நடு மூளைத் தமனி கிளை பிரியும் வளைவில் கம்பி ஒரு சிறு கிளைக்குள் நுழைந்துவிட்டால் மெல்லிய சுவர் துளைபடும். கட்டியை இழுக்கும்போது தமனி முழுவதும் இழுபட்டு, அதிலிருந்து பிரியும் நூல்போன்ற கிளைகள் அறுபடுவதும் உண்டு. சாயம் தமனிக்கு வெளியே புகையாகப் பரவுவது திரையில் தெரிந்ததும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் கொடுப்பார்கள், ரத்த அழுத்தத்தை இறக்குவார்கள், பலூனை ஊதி ஓட்டத்தை நிறுத்துவார்கள், தேவைப்பட்டால் காயில் எனும் உலோகச் சுருளால் அடைப்பார்கள். இது அரிதான விபத்துதான். நேர்ந்தால் உயிரிழப்பு மிக அதிகம்.

சாலிட்டேர் கருவி வந்தபின் நிலைமை மாறியது. அனியூரிசம் எனும் தமனிப் புடைப்பின் சிகிச்சைக்குத் துணையாக உருவான ஸ்டென்ட் அது. முழுவதும் விரித்த பிறகும் திரும்ப இழுத்துக்கொள்ள முடியும் என்ற ஒரு பண்பே அதைக் கட்டி பிடிக்கும் வலையாக்கியது. 2012இல் மெர்சியையும் சாலிட்டேரையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஸ்விஃப்ட் ஆய்வு 113 பேரோடு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது: அறிகுறிக் கசிவு சாலிட்டேரில் 2 சதவீதம், மெர்சியில் 11. கருவியோடு கருவியை ஒப்பிட்ட கணக்கு இது. சிகிச்சையே வேண்டுமா என்ற கேள்வி அப்படியே கிடந்தது. 2013இல் ஒரே சமயத்தில் வெளியான மூன்று ஆய்வுகள் அதற்கு ‘பயன் நிரூபணமாகவில்லை’ என்றன. அவற்றுள் பெரியதான மூன்றாம் ஐ.எம்.எஸ். 656 பேரிடம் நடந்தது; அறிகுறிக் கசிவு இரு அணியிலும் கிட்டத்தட்ட சமம், 6.2க்கு 5.9. ஆபத்து கூடவில்லை என்ற அந்த வரியை அன்று பலர் கவனிக்கவில்லை. பழைய கருவிகள், தாமதமான தொடக்கம், பெரிய தமனி அடைப்பு இருப்பதை உறுதி செய்யாமலே பலரைச் சேர்த்தது என்று குறைகள் பின்னர் எடுத்துக் காட்டப்பட்டன.

திருப்பம் நெதர்லாந்திலிருந்து வந்தது. 500 பேரைச் சேர்த்த எம்.ஆர். கிளீன் ஆய்வு 2015 ஜனவரி இதழில் அச்சானது. சிகிச்சை அணியில் சுயமாக வாழும் நிலைக்கு வந்தவர்கள் 32.6 சதவீதம், எதிரணியில் 19.1. அறிகுறிக் கசிவு 7.7 சதவீதம். மெர்சியின் எண்ணிலிருந்து தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்றுதான் வேறுபாடு! ஆனால் இம்முறை பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது: கருவியே தொடாத அணியில் 6.4. ஆக, அந்தக் கசிவின் பெரும்பங்கு கம்பி செய்ததல்ல. நோயும், இரு அணிக்கும் கொடுத்த ஊசியும் செய்தது. பத்தாண்டு விவாதம் இந்த ஒரு ஒப்பீட்டில் தீர்ந்தது என்றே சொல்லலாம். ஐந்து ஆய்வுகளின் 1,287 பேரைச் சேர்த்து எடுத்த 2016ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் கசிவு 4.4க்கு 4.3 என்றே நின்றது.

அதே எம்.ஆர். கிளீன்தான் கருவிக்கே உரிய தீங்கையும் தெளிவாகக் காட்டியது. வேறொரு தமனிப் பகுதியில் புதிய பக்கவாதம் சிகிச்சை அணியில் 5.6 சதவீதம், எதிரணியில் 0.4. நடு மூளைத் தமனியிலிருந்து இழுக்கப்படும் கட்டி உடைந்து, அதுவரை நலமாக இருந்த முன் மூளைத் தமனிக்குள் துணுக்கு போய் விழுவதுதான் காரணம். கழுத்துத் தமனியில் பலூன் ஊதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு இழுப்பது, உறிஞ்சலையும் ஸ்டென்ட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது, முதல் இழுப்பிலேயே முழுக் கட்டியையும் எடுக்க முயல்வது ஆகிய பழக்கங்கள் இந்த எண்ணைக் குறைக்கவே கைக்கொள்ளப்பட்டன.

இந்த எண்களை ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை தேவை. ஸ்கேனில் கசிவு தெரிந்து நிலை சிறிது மோசமானாலே போதும் என்றது 1995ஆம் ஆண்டின் வரையறை. பின்னாளில் வந்தவை நரம்பியல் பாதிப்பு மதிப்பெண் நான்காவது கூடியிருக்க வேண்டும் என்றன. சிகிச்சை முடிந்த கையோடு எடுக்கும் சி.டி.யில் தெரியும் வெண்மை எல்லாமே ரத்தமும் அல்ல. சேதமடைந்த திசுவில் தேங்கிய சாயமும் அப்படித்தான் தெரியும். மறுநாள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சிகிச்சையின்போது முழு மயக்கம் கொடுத்தால் நோயாளி தேறும் வாய்ப்பு குறையும் என்ற பழைய அச்சம் பெரிதும் தணிந்துவிட்டது. மோசமான நோயாளிகளுக்கே முழு மயக்கம் கொடுக்கப்பட்டதால் வந்த தோற்றம் அது என்பதை ஹைடெல்பெர்க்கின் சியஸ்டா ஆய்வும் பின்வந்தவையும் காட்டின. ரத்த அழுத்தத்தில் கதை தலைகீழ். தமனி திறந்தபின் அழுத்தத்தை நன்றாக இறக்கினால் கசிவு குறையும் என்பது கேட்பதற்கு நியாயமாக இருந்தது. சீனாவில் நடந்த ஆய்வு 120க்குக் கீழே இறக்கிப் பார்த்து, நோயாளிகளின் நிலை மோசமாவதைக் கண்டு 2022இல் நிறுத்தப்பட்டது. 140க்குக் கீழே இறக்கிய கொரிய ஆய்வுக்கும் அதே கதி. சிக்கலைத் தடுக்கப் போன கையே தீங்கு செய்த இடம் இது.

கருவி நேரடியாகக் குற்றவாளியான நேர்வும் பதிவில் இருக்கிறது. ஜெட் 7 எக்ஸ்ட்ரா ஃபிளெக்ஸ் என்ற உறிஞ்சு கதீட்டரின் நுனி உள்ளேயே பருத்து வெடிப்பதாகப் புகார்கள் குவிந்து, 2020 டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது. 14 மரணங்கள் அந்தப் புகார்களில் குறிப்பிடப்பட்டிருந்ததாக அமெரிக்க நிர்வாகம் அறிவித்தது. நூற்றுக்கணக்கில் நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வுகளின் கண்ணில் இத்தகைய கோளாறு படுவது கடினம். விற்பனைக்குப் பிந்தைய புகார்ப் பதிவேடே இங்கு உதவியது.

அடுத்து எல்லைகள் விரிந்தன. மூளையின் பெரும்பகுதி ஏற்கெனவே சேதமடைந்தவர்களிடம் ஜப்பானில் செய்து பார்த்த ஆய்வில் (2022), எல்லா வகைக் கசிவும் சேர்த்து 58 சதவீதம், எதிரணியில் 31.4, இருந்தும் ஓரளவு நடமாடும் நிலையில் மிஞ்சியவர்கள் 12.7இலிருந்து 31 சதவீதமாக உயர்ந்தனர். மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தரும் பேசிலார் தமனியின் அடைப்பில் நடந்த அட்டென்ஷன் ஆய்வில் அறிகுறிக் கசிவு 5 சதவீதம், எதிரணியில் எவருக்கும் இல்லை. சிகிச்சைச் சிக்கல்கள் 14 சதவீதம். தமனி துளைபட்டு ஒருவர் இறந்தார். ஆனால் மொத்த மரணம் 55இலிருந்து 37 சதவீதமாக இறங்கியது. நோய் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்குச் சிக்கலைத் தாங்கும் இடமும் கூடுகிறது.

இதன் மறுபக்கம் 2025 பிப்ரவரியில் தெரிந்தது. நடுத்தர, சிறிய தமனி அடைப்புகளில் திராம்பெக்டமியைச் சோதித்த எஸ்கேப்-மீவோ, டிஸ்டல் ஆகிய இரண்டும் பயன் இல்லை என்றே முடிந்தன. எஸ்கேப்-மீவோவில் அறிகுறிக் கசிவு 5.4க்கு 2.2 சதவீதம், மரணம் 13.3க்கு 8.4, டிஸ்டலில் கசிவு 5.9க்கு 2.6. எம்.ஆர். கிளீனின் 7.7ஐவிட இரண்டும் குறைந்த எண்களே. ஆனால் சிறு தமனி அடைப்பில் சேதம் முதலிலேயே சிறியது, மீட்பதற்குக் கிடைக்கும் திசுவும் கொஞ்சம், தமனிச் சுவரோ மெல்லியது. இந்த இரு ஆய்வுகளும் வருவதற்குள்ளாகவே சிறு தமனிகளுக்கென மெலிந்த ஸ்டென்ட்கள் சந்தைக்கு வந்து, பல மையங்களில் வழக்கமான சிகிச்சையாகிவிட்டிருந்தன. 2004இல் மெர்சிக்கு நேர்ந்ததும் இதுவே: கருவி முதலில், கட்டுப்பாட்டுக் குழு பிறகு. இனி வரும் சிறு தமனிக் கருவி எதுவானாலும் 2.2, 2.6 என்ற எதிரணி எண்களின் பக்கத்தில்தான் அதன் கசிவுக் கணக்கை வைக்க வேண்டியிருக்கும்.