வீடுவரை வந்த மருந்தும் வராத சோதனையும்

காசநோயின் வரலாற்றை மருந்துகளின் வரலாறாக எழுதுவதே வழக்கம். நோயைக் கண்டறியும் முறைகளின் வரலாற்றையோ உருத்திரபுரம் போன்றதொரு கிராமத்தில் நின்று நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. இரணைமடுக் குளத்து நீரை நம்பிய இவ்வேளாண் குடியேற்றத்தில், வாரக்கணக்காய் இருமும் கூலி விவசாயிக்கு அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். சோதனைக்காக அலைந்து இழக்கும் நாட்கூலி இலவசமன்று.

றொபேட் கொக் 1882 மார்ச் 24 அன்று பேர்லினில் இந்நோயின் கிருமியை அறிவித்தார். சளியைச் சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் தேடும் முறை அக்காலத்தே தோன்றி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வறிய நாடுகளின் முதன்மைச் சோதனையாக நிலைத்தது. அது மலிவானது, ஆயின் ஒரு மில்லிலீற்றர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தாலன்றி நோய் புலப்படாது. குழந்தைகளும் எச்.ஐ.வி. தொற்றுடையோருமே இதிற் பெரிதும் தவறவிடப்பட்டனர்.

சிகிச்சை வேறொரு பாதையிற் சென்றது. 1956இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் வேதிமருத்துவ ஆய்வு நிலையம், வீட்டிலிருந்து மருந்துண்போரும் சானற்றோரியத்தில் தங்குவோரும் ஒப்பக் குணமடைவதை 1959இற் காட்டியது. மருந்து வீட்டுவாசலுக்கு வந்தது. நம்பத்தகுந்த சோதனை வரவில்லை.

அவ்விடைவெளியில் வணிகம் புகுந்தது. காசநோய்க்கான இரத்தச் சோதனைகள் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. அவற்றுட் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரிக்கப்பட்டவை. எனினும் அங்கீகாரம் பெற்ற எந்தக் கட்டுப்பாட்டு அமைப்பும் அவற்றை ஏற்றிருக்கவில்லை. 2011இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்தலாகாதென அறிவித்தது. 2012இல் இந்தியா தடைசெய்தது. பொய்யுரைக்கும் சோதனை எவ்விலைக்கும் மலிவன்று என்பதே இதன் பாடம்.

2010இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஜீன்எக்ஸ்பேட் கருவி, இரண்டு மணிநேரத்துள் கிருமியையும் றிபம்பிசின் எதிர்ப்பையும் ஒருங்கே காட்டுகின்றது. பொதுப்பணம் பெருமளவு செலவிட்டு உருவான இக்கருவியின் சோதனைக்குப்பி 2012இல் 9.98 டொலருக்கும் 2023இல் 7.97 டொலருக்கும் இறங்கியது. ஆயினும் அது தடையற்ற மின்சாரத்தையும் மிதமான வெப்பத்தையும் வேண்டுவது. மின்கலத்தால் இயங்கும் கோவாவின் ட்ரூநாட் 2020இல் அந்நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றமை இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது.

எனவே, சோதனையின் மலிவைக் குப்பியின் விலையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. நோயாளி நடந்த தூரமும் இழந்த கூலியும், பிந்திய நாட்களில் அவரது வீட்டாருக்குப் பரவிய தொற்றும் அக்கணக்கில் இடம்பெறல் வேண்டும். அவற்றைச் சேர்க்கும்போதே உருத்திரபுரத்து விவசாயிக்கு எது மலிவு என்பதை நாம் அறிவோம்.