காது கொடுக்க டாக்டர் பட்டம் வேணுமா?

எங்க அய்யலூர்ப் பக்கம் பூச்சிக்கொல்லிக்குப் பேரு வெறும் 'மருந்து'. தக்காளிக்கு மருந்து அடிக்கணும்பாங்க. அதே சொல்லை ஒருத்தர் குரலைத் தாழ்த்திச் சொன்னா அர்த்தமே வேற. அப்புறம் பேப்பர்ல ரெண்டு வரிச் செய்தி வரும்: காரணம் 'தீராத வயிற்றுவலி'. இத்தனை பேருக்கு எப்படித் தீராத வயிற்றுவலி வந்தது? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல சென்னை 'ஸ்நேகா' அமைப்பின் வரலாற்றுக்கு வந்து சேர்ந்தேன்.

முதல்ல வயிற்றுவலி. இந்திய தண்டனைச் சட்டம் (1860) 309ஆம் பிரிவின்படி தற்கொலை முயற்சி 2024 வரை குற்றமாக இருந்தது. ஓராண்டு வரை சிறை. உயிர் பிழைச்சவர் மேலயே வழக்கு வரலாம்ங்கிற நிலை இருந்தது. இறந்துபோனவர் வீட்டில் வேற பயம்: தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகணுமே, ஊர் என்ன சொல்லும்? சட்டமும் மானமும் சேர்ந்து வாயைக் கட்டின இடத்தில்தான் வயிற்றுவலி பிறந்தது. பேசவே முடியாத விஷயத்துக்கு எந்த டாக்டர் எப்படி வைத்தியம் பார்ப்பார்?

இந்தச் சூழலில், 1986 ஏப்ரல் 11 அன்று, மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ஸ்நேகாவைத் தொடங்கினார். எனக்கு ஆச்சரியம் தந்தது ஒரு விஷயம்தான். தொடங்கியவர் டாக்டர், ஆனால் போனை எடுப்பவர்கள் டாக்டர்கள் இல்லை. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள். கட்டணம் கிடையாது. பேர் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது. புத்திமதியும் கிடையாது. பேசுறவரைப் பேச விட்டுக் கேட்கணும், அவ்வளவுதான்.

இந்த முறைக்கு ஒரு முன்கதை உண்டு. லண்டனில் சாட் வாரா என்று ஒரு பாதிரியார். 1935ல் அவர் இளைஞராக இருந்தபோது ஒரு 14 வயதுப் பெண்ணுக்கு இறுதிச் சடங்கு செய்ய வேண்டி வந்தது. மாதவிலக்கை ஏதோ நோய் என்று நினைத்து, கேட்க ஆள் இல்லாமல் அந்தப் பெண் உயிரை விட்டிருந்தாள். பிற்பாடு அவர் பத்திரிகைகளில் இந்த மாதிரி விஷயங்களை வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார், கடிதங்கள் குவிந்தன. 1953 நவம்பரில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேரில் வந்தவர்கள் காத்திருக்கும்போது டீ போட்டுக் கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் சில தன்னார்வலர்கள் இருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒன்று புலப்பட்டது: அவர்களிடம் பேசியதிலேயே பாரம் இறங்கி, பாதிரியாரைப் பார்க்காமலே பலர் திரும்பிப் போனார்கள்! 1954ல் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்'. அதே வழியில் வந்ததுதான் ஸ்நேகா.

இதற்காக மாத்திரையும் டாக்டரும் வேண்டாம் என்று யாரும் அர்த்தம் பண்ணிக்காதீங்க. மனச்சோர்வும் மனச்சிதைவும் வைத்தியம் தேவைப்படும் நோய்கள். நான் சொல்ல வருவது, டாக்டர் வாசல் வரை ஒருத்தர் நடந்து வர நடுவில் ஒரு மனுஷர் தேவை என்பதைத்தான்.

கேட்க ஆரம்பித்ததும் அடுத்த கட்டம் வந்தது. ஒரே மாதிரி கதை திரும்பத் திரும்ப வந்தால், கோளாறு தனி ஆளிடம் மட்டும் இல்லை என்று தெரிந்துவிடும். எங்க சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், ஒரே எரர் நூறு பேருக்கு வந்தால் யூசரைத் திட்டக் கூடாது, கோடைப் பார்க்கணும். பிளஸ் டூ ரிசல்ட் ஒரு உதாரணம். எங்க காலத்தில் ஒரு பாடத்தில் போனால் அக்டோபர் அட்டெம்ப்ட். அதற்குள் காலேஜ் சேர்க்கை முடிந்து ஒரு வருஷம் போச்சு. ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு எழுதி அதே வருஷம் சேரலாம் என்ற ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் வந்தது. அதற்காக வாதாடியவர்களில் ஸ்நேகாவும் உண்டு.

அடுத்தது 'மருந்து'. ஆத்திரமும் விரக்தியும் உச்சத்தில் நிற்கும் நேரம் பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள். இலங்கையில் 1995ல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 என்றிருந்த தற்கொலை விகிதம், கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு 2005க்குள் ஏறத்தாழப் பாதியானது. லட்சுமி விஜயகுமார் குழு கடலூர் மாவட்டக் கிராமங்களில் வேறு வழியைச் சோதித்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பேங்க் லாக்கர் மாதிரி ஊர்ப் பொதுக் கிடங்கில் பூட்டி வைப்பது. 2013ல் ஆய்வு வெளியானது. சின்ன ஆய்வுதான், ஆனால் விவசாயிகள் அதை ஏற்றுப் பயன்படுத்தினார்கள்.

சட்டமும் மெதுவாக மாறியது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309 இல்லை. சட்டம் போட்ட கட்டு அவிழ்ந்துவிட்டது. மானம் போட்ட கட்டு நம் கையில் இருக்கிறது.

வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு அய்யலூரில் அத்தனை ஊர் ஜனமும் கூடுது. கூட்டுறவுச் சங்கக் கிடங்கில் பத்துப் பூட்டுப் பெட்டி வைக்கவோ, சந்தை ஓரத்தில் இந்த எண்களை எழுதிப் போடவோ பெரிய செலவு ஆகாது: ஸ்நேகா 044-24640050, அரசின் டெலி மானஸ் 14416. யாருக்காவது வயிற்றுவலி என்று கேள்விப்பட்டால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.