பிப்லோக்டோக்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேட்டின் நான்காம் பதிப்பில், பண்பாடுசார் நோய்க்குறித் தொகுதிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இனுயிட் மக்களுக்குரியதாக இடம்பெற்றது ‘பிப்லோக்டோக்’. பாதிக்கப்பட்டவர் திடீரெனக் கூச்சலிடுவார், ஆடைகளைக் கிழித்தெறிவார், உறைபனிவெளியில் ஓடுவார், பின்னர் சோர்ந்து உறங்குவார், விழித்ததும் நடந்தது எதுவும் நினைவிராது.

இச்சித்திரம் எங்கிருந்து வந்தது என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா.

ஆதாரங்களைப் பின்தொடர்ந்து சென்றால், அவற்றுள் பெரும்பாலானவை வடமேற்குக் கிரீன்லாந்தில் ராபர்ட் பியரி நடத்திய துருவப் பயணங்களில் போய் முடிகின்றன. 1913இல் இதனை ‘ஹிஸ்டீரியா’ என உளப்பகுப்பாய்வு மொழியில் விளக்கியவர் நியூயார்க் மருத்துவர் ஏ. ஏ. பிரில், ஃபிராய்டின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் ஆர்க்டிக் சென்றவரல்லர். பியரியின் குழுவிலிருந்த டொனால்ட் மக்மில்லன் தந்த செய்திகளையே நம்பினார். 1960களில் அந்தோணி வாலஸ் கால்சியம் குறைபாட்டைக் காரணமாக முன்வைத்தார்; பின்வந்தோர் சிலர் வைட்டமின் ஏ மிகையைச் சுட்டினர். விளக்கங்கள் மாறின, மூலச்சான்றுகளோ பெரிதும் மாறவில்லை.

கனடிய வரலாற்றறிஞர் லைல் டிக் 1995இல் அச்சான்றுகளையே மறுபரிசீலனை செய்தார். பியரியின் முகாமில் ஆண்கள் வேட்டைக்கும் ஆபத்தான பனிப்பயணங்களுக்கும் அனுப்பப்பட்டனர்; பெண்கள் உரோம ஆடை தைத்தனர். குழுவினர் இனுயிட் பெண்களோடு பாலுறவு கொண்டனர். பியரிக்கே ஓர் இனுயிட் பெண்ணிடம் பிள்ளைகள் பிறந்தனர். இச்சூழலில் எழுந்த அச்சம், பிரிவுத்துயர், வற்புறுத்தலுக்கெதிரான மறுப்பு, ஷாமன் சடங்கு ஆகிய வெவ்வேறு நிகழ்வுகள் ஒரே நோய்ப்பெயருக்குள் அடைக்கப்பட்டன என்பது டிக்கின் வாதம்.

இதனால் அப்பெண்களின் துன்பம் பொய்யென்றாகிவிடாது. துன்பம் உண்மை, அதன் காரணத்தை அவர்தம் பண்பாட்டில் மட்டும் தேடியதே பிழை. எழுதியவர்கள் தம் இருப்பைக் காட்சியிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியதை நோயெனக் குறித்தனர்.

2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் பண்பாட்டுக் கருத்தாக்கப் பட்டியலில் பிப்லோக்டோக் இல்லை. எனினும் பாடநூல்களில் அது இன்றும் வாழ்கிறது. அடுத்தமுறை அப்பெயரை மேற்கோளாக எடுத்தாளும் ஆய்வு மாணவர், அந்தக் குறிப்பை எழுதியவர் அந்த இரவில் எங்கே நின்றிருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.