வீட்டுக்கென்று வந்த கேமரா

1895இல் பிரான்ஸின் லூமியர் சகோதரர்கள் எடுத்த முதல் படங்களில் ஒன்று, சாதாரண வீட்டுக் காட்சி. அகுஸ்த் லூமியரும் அவர் மனைவியும் தோட்டத்தில் அமர்ந்து கைக்குழந்தைக்கு ஊட்டுகிறார்கள். படம் பிடித்தவர் குழந்தையின் சித்தப்பா லூயி. முக்கால் நிமிடம்கூட ஓடாத அதை, குடும்ப வீடியோக்களுக்கெல்லாம் மூத்தது எனலாம்.

அந்த வசதி மற்ற வீடுகளுக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. முதலில் வந்தது புகைப்படம்தான். 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்ற கோடாக் கேமராவுக்குள் 100 படங்களுக்கான ஃபிலிம் இருந்தது. விலை 25 டாலர். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டரில் இருந்த அவரது தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். 1900இல் வந்த கோடாக்கின் பிரவுனி கேமரா ஒரே டாலர். அதன் பிறகுதான் பிள்ளைகள்கூடப் படம் எடுத்தார்கள். அசையும் படத்துக்கு வேறு கருவி, வேறு செலவு: 1923இல் 16 மி.மீ., 1932இல் 8 மி.மீ., 1965இல் சூப்பர் 8. சூப்பர் 8 பெட்டி ஒன்றில் இருந்தது 50 அடி ஃபிலிம். ஒரு பிறந்தநாளையே மூன்று நிமிடச் சொச்சத்தில் அடக்க வேண்டும்.

ஃபிலிமுக்குக் கணக்குப் பார்த்த காலம் அது. 1959இல் ஒலிம்பஸின் இளம் பொறியாளர் யோஷிஹிசா மைத்தானி வடிவமைத்த ‘பென்’ கேமரா, ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டைப் பதித்தது. 36 படச் சுருளில் 72 கிடைத்தன. இந்திய வீடுகள் பல அறிந்த ஆக்ஃபா கிளிக் 3 கேமராவிலோ ரோலுக்கு 12 படம். உதகமண்டலத்தில் தயாரான ‘இந்து’ ஃபிலிமைப் போட்டு, தாத்தா முதல் பேரன் வரை எல்லோரையும் ஒரே படத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள்.

நல்ல படம் வேண்டுமென்றால் எஸ்எல்ஆர் என்பது பின்னாளில் வழக்கமானது. லென்ஸ் வழியே வரும் ஒளியை, உள்ளே சாய்ந்திருக்கும் கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் அது விலகி, ஒளி ஃபிலிமில் விழும். இந்த ஏற்பாடு புகைப்படத்துக்குச் சரி. வீடியோவுக்குக் கண்ணாடி தூக்கியபடியே நிற்க வேண்டும், வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். 2008இல் வந்த நிக்கான் டி90தான் வீடியோ எடுத்த முதல் டிஜிட்டல் எஸ்எல்ஆர். ஆனால் பதிவு ஓடும்போது ஆட்டோஃபோக்கஸ் கிடையாது. தவழும் குழந்தையை அதில் தொடர்வது பெரும்பாடு.

அதே ஆண்டு ஒலிம்பஸும் பானசோனிக்கும் கூட்டாக ஒரு புது முறையை அறிவித்தன. கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள்; அதனால்தான் இவ்வகைக்கு ‘மிரர்லெஸ்’ என்று பெயர். கண்ணாடி நின்ற இடம் மிச்சமானதால், லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் ஏறக்குறையப் பாதியாகி, சுமார் 20 மி.மீ. ஆனது, கேமராவும் சிறுத்தது. அந்த ஆண்டே பானசோனிக் ஜி1 விற்பனைக்கு வந்தது. கறுப்போடு சிவப்பிலும் நீலத்திலும் கிடைத்தது. ஜப்பானில் அதன் விளம்பரங்கள் பெண்களை நோக்கியே பேசின. கனமான எஸ்எல்ஆரைத் தூக்க விரும்பாத குடும்பத்தினரே அதன் இலக்கு.

2009இல் வந்த பானசோனிக் ஜிஎச்1 முழு எச்டி வீடியோ எடுத்தது. ஓடும் பிள்ளையைத் தானே ஃபோக்கஸில் பிடித்துக்கொண்டது. புகைப்படமும் வீடியோவும் ஒரே கருவிக்குள் உண்மையாகவே சேர்ந்தன. அதே ஆண்டு ஒலிம்பஸ், தன் முதல் மிரர்லெஸ் கேமராவுக்கு 50 வயதான ‘பென்’ பெயரையே வைத்தது.

தொழில்முறைக் கலைஞர்கள் உடனே மாறவில்லை. சென்சார் சிறியது, பேட்டரி சீக்கிரம் தீரும், வேகமாக அசைவதைப் பிடிக்கத் திணறும் என்ற குறைகள் நியாயமானவை. அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. 2013இல் சோனி ஏ7 முழு அளவு சென்சாரோடு வந்தது. முகத்தில் கண்ணைத் தேடி ஃபோக்கஸ் செய்யும் வசதியும் வளர்ந்தது. 2018இல் எஸ்எல்ஆர் ஜாம்பவான்களான நிக்கானும் கேனானும் முழு அளவு மிரர்லெஸ் கேமராக்களை அடுத்தடுத்து இறக்கின.

தொழில்முறைக் கருவி மலிந்து வீட்டுக்கு வருவதே கேமராவின் வழக்கமான பாதை. மிரர்லெஸ் எதிர்த் திசையில் நடந்தது: முதலில் வீட்டில் குடியேறி, பத்தே ஆண்டில் கல்யாண மேடைக்கும் படப்பிடிப்புக்கும் போய்ச் சேர்ந்தது.